ஊருக்கு வெளியே எட்டு மாடி

2025 ஏப்ரல் மாதம் சட்டப்பேரவையில் ஓர் அறிவிப்பு வந்தது. ‘காலனி’ என்ற சொல் ஆதிக்கத்தின் அடையாளமாகவும் வசைச்சொல்லாகவும் மாறிவிட்டது, எனவே அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப்புழக்கத்திலிருந்தும் அது நீக்கப்படும் என்று முதல்வர் அறிவித்தார். நாம் வரவேற்றோம். ஊர் என்று ஒன்றும் காலனி என்று ஒன்றும் இருக்கும்வரை, பள்ளியில் சேரப்போகும் பிள்ளையின் முகவரியே அதன் சாதியைச் சொல்லிவிடும். இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பெயர்ப்பலகை மாறட்டும், நல்லதுதான். பலகை நிற்கும் இடம் மாறுகிறதா? இந்தக் கேள்வியோடு இந்த வாரம் நாம் சென்னைக்குப் போவோம். ஏரியில் தண்ணீர் இல்லாத ஆண்டுகளில், கூலி கேட்டதற்காக ஊரில் வேலை மறுக்கப்பட்ட ஆண்டுகளில், நம் சித்தப்பாக்களும் அத்தைகளும் மூட்டை முடிச்சோடு போய்ச் சேர்ந்த சென்னை அது. கூவம் ஓரத்திலும் அடையாற்றின் கரையிலும் பக்கிங்காம் கால்வாய் அருகிலும் குடிசை போட்ட அவர்களில் பலர் இன்று அங்கே இல்லை. நகரத்தின் தெற்கு ஓரத்தில் கண்ணகி நகர், எழில் நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்ற இடங்களில், அரசு கட்டிக்கொடுத்த அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள்.

குடிசையில் இருந்தவருக்கு அரசு காங்கிரீட் வீடு கொடுத்திருக்கிறது, அதில் என்ன குறை என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சேரி என்ற சொல்

தமிழில் ‘சேரி’ என்ற சொல் பிறக்கும்போதே இழிசொல்லாகப் பிறக்கவில்லை. பலர் சேர்ந்து வாழும் இடம் சேரி, அவ்வளவுதான். வேளச்சேரி, புதுச்சேரி என்று ஊர்ப்பெயர்களில் அது இன்னும் எந்தக் களங்கமும் இல்லாமல் நிற்கிறது. நாம் பேசப்போகும் செம்மஞ்சேரியும் அப்படி ஒரு பழைய ஊர்ப்பெயர்தான்.

பிறகு சொல் பிரிந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வரி விதிக்கப்படாத நிலங்களைச் சொல்லும்போது ஊர்நத்தம் தனியே வருகிறது. பறைச்சேரி, கம்மாணசேரி, தீண்டாச்சேரி என்பவை தனித்தனியே வருகின்றன. யார் எங்கே இருக்க வேண்டும் என்பது அன்றே நிலத்தில் கோடு போட்டுப் பிரிக்கப்பட்டிருந்தது என்பதற்கு இதைவிட உறுதியான சான்று வேண்டாம். தீண்டாமை மனதில் மட்டும் இருக்கும் நோய் என்றுதான் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். அது நில வரைபடத்திலும் இருக்கிறது. ஊர் கிழக்கே என்றால் சேரி மேற்கே. ஊர் மேட்டில் என்றால் சேரி பள்ளத்தில்.

இந்த வரைபடத்தை நன்றாக அறிந்தவர் அண்ணல் அம்பேத்கர். 1948 நவம்பர் 4-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் அவர் பேசியபோது, கிராமத்தை இந்தியாவின் ஆன்மா என்று புகழ்ந்துகொண்டிருந்தவர்களை மறுத்தார். கிராமம் என்பது குறுகிய புத்தியும் அறியாமையும் வகுப்புவாதமும் குடிகொண்ட இடம் என்ற கருத்தை வெளிப்படையாகச் சொன்னார். ஒடுக்கப்பட்டவர்கள் நகரங்களை நோக்கி நகர்வதில் அவருக்கு நம்பிக்கை இருந்தது. யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல், என்ன வேலை தெரியும் என்று மட்டும் கேட்கும் இடம் நகரம் என்ற நம்பிக்கை அது.

நம் பக்கத்து மக்களும் அந்த நம்பிக்கையில்தான் போனார்கள். சொந்த நிலம் இல்லாததும் ஒரு காரணம். 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்துதான் பஞ்சமி நிலம் வழங்கும் ஆணை 1892-இல் வந்தது. அந்த நிலங்களும் காலப்போக்கில் பெருமளவு கைமாறிப்போயின. நிலமில்லாதவர்களுக்குச் சென்னையில் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலையும், பின்னி ஆலையில் தறி வேலையும், தோல் கிடங்கிலும் ரயில்வேயிலும் மாநகராட்சித் துப்புரவிலும் வேலையும் இருந்தன. வேலை கொடுத்த நகரம் அவர்களுக்கு இருக்க இடம் கொடுக்கவில்லை. வேலைக்கு நடந்து போகும் தொலைவில் எந்த நிலம் யாருக்கும் வேண்டாததாகக் கிடந்ததோ, அந்த ஆற்றங்கரையிலும் கால்வாய் ஓரத்திலும் அவர்களே இடம் பிடித்துக்கொண்டார்கள்.

வாரியம் எதற்காகப் பிறந்தது?

தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970-இல் தொடங்கப்பட்டது. மறு ஆண்டே, 1971-இல், அதற்கான சட்டம் வந்தது. குடிசை இருந்த இடத்திலேயே, அல்லது அதற்கு அருகிலேயே, மாடி வீடு கட்டித்தருவதுதான் தொடக்கக்கால நோக்கம். மெரினாவை ஒட்டிய நொச்சிக்குப்பம் போன்ற இடங்களில் அப்படித்தான் கட்டினார்கள். மீனவர் கடலைப் பார்த்தபடியே வீட்டில் இருந்தார். வீடு மாறியது, ஆனால் வேலையும் பள்ளியும் மளிகைக் கடையில் கடன் சொல்லும் உரிமையும் அப்படியே இருந்தன.

அந்தச் சட்டத்தில் இன்னொரு முக்கியமான ஏற்பாடு உண்டு. ஒரு பகுதியைக் ‘குடிசைப் பகுதி’ என்று அரசு முறைப்படி அறிவித்துவிட்டால், அங்கே குடியிருப்பவரை உரிய அதிகாரியின் அனுமதி இல்லாமல் காலி செய்யவைக்க முடியாது. அந்த அறிவிப்பு குடிசைவாசிகளுக்கு ஒரு கவசம்.

1971-இல் சென்னையில் 1,202 பகுதிகள் அப்படி அறிவிக்கப்பட்டன. 1985-இல் மேலும் 17 சேர்ந்தன. அதன் பிறகு நெடுங்காலம் புதிதாக எதுவும் சேரவில்லை. நகரம் பெருகியது, குடிசைகளும் பெருகின. கவசம் மட்டும் 1985-லேயே நின்றுவிட்டது. அறிவிக்கப்படாத இடத்தில் இருப்பவர் எவ்வளவு காலம் இருந்தாலும் அரசின் ஏட்டில் ‘ஆக்கிரமிப்பாளர்’ ஆகிவிடுகிறார். குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, மின் இணைப்பு எல்லாம் அதே முகவரியில் அரசே கொடுத்திருந்தாலும் அவர் ஆக்கிரமிப்பாளர்தான். அதே கரையில் எழும்பி நிற்கும் பெரிய கட்டடங்களைப் பற்றி இந்தச் சொல்லை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்?

தெற்கு நோக்கிய லாரிகள்

2000-ஆம் ஆண்டு வாக்கில் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் உருவானது. நகரின் பல மூலைகளிலிருந்து மக்களை லாரியில் ஏற்றி அங்கே இறக்கினார்கள். அங்கே 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள் வந்தன. தொடக்கக்கால வீடுகளில் புழங்கும் இடம் 200 சதுர அடியைக்கூடத் தொடவில்லை. நம் ஊர்த் தொகுப்பு வீட்டை விடச் சிறியது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு செம்மஞ்சேரி நிரம்பியது. 2005-இல் மத்திய அரசு தொடங்கிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தின் பணத்தில் எழில் நகரும், எட்டு அடுக்குக் கட்டடங்களோடு பெரும்பாக்கமும் எழுந்தன. நகரின் நடுப்பகுதியிலிருந்து பெரும்பாக்கம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர்.

2015 டிசம்பர் பெருவெள்ளத்துக்குப் பிறகு இந்த லாரிகள் இன்னும் வேகமாக ஓடின. அடையாறு, கூவம் கரைகளில் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கம் போனார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்பது சொல்லப்பட்ட காரணம். பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில். தென்சென்னையின் மழைநீர் எல்லாம் வடிந்து சேரும் தாழ்வான இடம் அது. 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற ஈரநிலம். அதே 2015 வெள்ளத்தில் செம்மஞ்சேரியிலும் தண்ணீர் புகுந்து நின்றது. ஆற்றங்கரையிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள் சதுப்பின் கரையில் குடிவைக்கப்பட்டார்கள். மேட்டில் ஊர், பள்ளத்தில் சேரி என்ற பழைய கோடு இங்கேயும் வந்துவிட்டது.

2020 டிசம்பர் இறுதியில், கொரோனா காலத்தில், தீவுத்திடல் அருகே இருந்த சத்தியவாணிமுத்து நகர் குடிசைகள் இடிக்கப்பட்டன. அந்த மக்களும் பெரும்பாக்கம் அனுப்பப்பட்டார்கள். சத்தியவாணி முத்து யார் என்று மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டின் அமைச்சராகவும் பின்னர் மத்திய அமைச்சராகவும் இருந்த தலித் பெண் தலைவர். ஒடுக்கப்பட்டோருக்காகத் தனிக்கட்சி கண்டவர். அவர் பெயரைத் தாங்கி நின்ற குடியிருப்பே நகரின் நடுவிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது, முதியவர் ஒருவர் தீக்குளித்து உயிரிழந்தார். நீதிமன்ற உத்தரவுப்படி நடந்த இடிப்பு அது, மாற்று வீடும் உண்டு என்றார்கள். மாற்று வீடு உண்டு என்று தெரிந்தும் ஒருவர் ஏன் தீயைத் தேர்ந்துகொள்கிறார்? இந்தக் கேள்வியைக் கடந்து போய்விட முடியாது.

வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மயிலாப்பூர்ப் பக்கம் மூன்று வீடுகளில் வேலை செய்யும் பெண் என்று வைத்துக்கொள்வோம். கால்வாய் ஓரத்தில் வீடு இருந்தபோது காலை ஆறு மணிக்கு நடந்தே போவார். எட்டு மணிக்குத் திரும்பி வந்து, பிள்ளைக்குச் சோறு கட்டிக் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அடுத்த வீட்டு வேலைக்குப் போவார். பெரும்பாக்கம் போன பிறகு காலை ஆறு மணிக்கு மயிலாப்பூரில் இருக்க வேண்டுமானால் விடியும் முன்பே எழுந்து பேருந்து நிறுத்தத்தில் நிற்க வேண்டும். நடுவில் வீடு திரும்ப வழியில்லை. மூன்று வீட்டு வேலை ஒரு வீட்டு வேலையாகச் சுருங்கும். பிள்ளை பள்ளிக்குப் போனதா என்பது மாலையில்தான் தெரியும்.

2021-இல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது இவர்களுக்குப் பெரிய ஆறுதல். பேருந்துக் காசு மிச்சம். போன நேரத்தை யாரும் திருப்பித் தர முடியாது. ஆண்கள் பாடு அதைவிடச் சிரமம். கோயம்பேட்டில் நள்ளிரவில் லாரி வரும்போது அங்கே நிற்பவருக்குத்தான் சுமை கிடைக்கும். அந்த நேரத்தில் பெரும்பாக்கத்திலிருந்து எப்படிப் போவது? மீன் விற்பவருக்கு விடியற்காலை கடற்கரையில் ஏலம். பூக்கட்டுபவருக்குக் கோயில் வாசல். ஏழையின் தொழில் இடத்தோடு கட்டப்பட்ட தொழில். இடத்தை அறுத்தால் தொழிலும் அறுந்துவிடும்.

கண்ணகி நகருக்குப் பக்கத்திலேயே பளபளக்கும் கணினி நிறுவனங்கள் வரிசையாக நிற்கின்றனவே, அங்கே வேலை கிடைக்காதா என்று கேட்கலாம். கிடைக்கிறது. பெரும்பாலும் துடைப்பம் பிடிக்கும் வேலையும் வாசலில் காவல் நிற்கும் வேலையும், அதுவும் ஒப்பந்தக்காரர் மூலமாக.

கூவம் கரையிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்களுக்கு இடமாற்றச் செலவுக்கு 5,000 ரூபாயும், ஓராண்டுக்கு மாதம் 2,500 ரூபாய் வீதம் வாழ்வாதார உதவியும் அறிவிக்கப்பட்டன. இழந்த வருமானத்துக்கு ஓராண்டு ஈடு. அதற்குப் பிறகு?

பிள்ளைகளின் படிப்புதான் பெரிய இழப்பு. சத்தியவாணிமுத்து நகர் மக்களை மாற்றியது கல்வியாண்டின் நடுவில். பழைய பள்ளி 25 கிலோமீட்டர் தள்ளி. புதிய பள்ளியில் எல்லாரும் அந்நியர். எட்டாம் வகுப்புப் பையன் ஒரு மாதம் வீட்டில் இருந்தால், அடுத்த மாதம் ஏதோ ஒரு வேலையில் இருப்பான். நம் ஊரிலும் இது நமக்குத் தெரிந்த கதைதான்.

கிராமத்து வாசகர்கள் உடனே புரிந்துகொள்ளும் இன்னொரு செய்தி உண்டு. மக்கள் குடியேற்றப்பட்டபோது பெரும்பாக்கம் ஒரு கிராம ஊராட்சி. மாநகராட்சி வாக்காளராக லாரியில் ஏறியவர், இறங்கும்போது ஊராட்சிக்காரர் ஆகிவிட்டார். பல்லாயிரம் குடும்பங்களின் குடிநீரையும் குப்பையையும் ஓர் ஊராட்சி எப்படிச் சுமக்கும்? குடும்ப அட்டையையும் வாக்காளர் அட்டையையும் மாற்ற அலைந்த அலைச்சல் தனி.

முகவரியின் பாரம்

கண்ணகி நகர் என்று முகவரி எழுதினால் வேலை கிடைக்காது என்பது அங்குள்ள இளைஞர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் குறை. ஊரில் எங்காவது திருட்டு நடந்தால் சந்தேகம் முதலில் அங்கே போகும். இதற்கும் நம் ஊரில் ‘காலனிப் பசங்க’ என்று சொல்வதற்கும் என்ன வேறுபாடு? நகரத்தின் நடுவில் சிதறி இருந்தபோது அவர்கள் ஆயிரம் தெருக்களின் மக்கள். இப்போது ஒரே இடத்தில் குவிக்கப்பட்ட பிறகு ஒரு முத்திரைக்குள் அடங்கிவிட்டார்கள். இந்த நகர்களில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தலித்துகள் என்பதால் அந்த முத்திரை என்ன முத்திரை என்று சொல்லத் தேவையில்லை.

அந்த முத்திரையைக் கிழிப்பவர்களும் அங்கிருந்தேதான் வருகிறார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் விளையாடிய கார்த்திகா கண்ணகி நகர்ப் பெண். நாடு முழுவதும் அவரைக் ‘கண்ணகி நகர் கார்த்திகா’ என்றே அழைத்தது. மறைக்கச் சொன்ன முகவரியையே பட்டமாக்கிய பெண் அவர். நாம் பெருமைப்படுகிறோம். ஆனால் ஒரு குடியிருப்பின் மானத்தைக் காக்கும் பொறுப்பை ஒரு சிறுமியின் தோளில் ஏற்றிவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ள முடியாது.

நன்மையே இல்லையா என்றால், உண்டு. தீ பிடிக்காத கூரை, தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும் கதவு, வீட்டுக்குள்ளேயே கழிப்பறை. இருட்டுக்காகக் காத்திருந்து வெளியே போன பெண்களுக்கு அந்தக் கழிப்பறையின் மதிப்பு தெரியும். இந்த வசதிகளை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இருந்த இடத்திலேயே இவற்றைத் தந்திருக்கலாமே என்பதுதான் அவர்கள் கேட்பது.

முடியாததா இது?

நடுநகரில் நிலம் இல்லை, விலை அதிகம், அதனால்தான் வெளியே கட்டுகிறோம் என்பது வழக்கமான பதில். இரண்டு எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

நம் ஊர்க்காரர்கள் பலர் கூலி வேலைக்குப் போகும் சிங்கப்பூர் சென்னையை விட மிகச் சிறிய நிலப்பரப்பு கொண்ட நாடு அல்ல என்றாலும், மொத்த நாடே நம் ஒரு மாவட்டத்தை விடச் சிறியது. நிலத்தின் அருமை அவர்களுக்கும் தெரியும். அங்கே 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. 1961 மே 25-இல் புக்கிட் ஹோ ஸ்வீ என்ற குடிசைப் பகுதி எரிந்து ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். எரிந்த அந்த நிலத்தை அரசு கையகப்படுத்தி, அந்த இடத்திலேயே அடுக்குமாடிகளை எழுப்பியது. பிறகு 1989-இல் இன்னொரு முடிவெடுத்தார்கள். ஒரே இனத்தவர் ஒரே கட்டடத்தில் குவியாதபடி, சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகியோருக்கு ஒவ்வொரு கட்டடத்திலும் இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைத்தார்கள். இதிலும் குறைகள் உண்டு. சிறுபான்மையினர் வீட்டை விற்கும்போது வாங்க ஆள் கிடைப்பது கடினமாகிறது. கிராமங்களை விட்டு விருப்பமில்லாமல் கிளம்பியவர்களும் அங்கே உண்டு. ஆனால் மக்களைப் பிரித்துக் குவித்தால் கேடு விளையும் என்பதை ஓர் அரசு வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது, அதைத் தடுப்பது தன் வேலை என்றும் எண்ணியது.

சிங்கப்பூர் வரை போக வேண்டியதில்லை. நம் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் 1998-இல் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திறக்கப்பட்டது. தென்மாவட்டச் சாதிக் கலவரங்களுக்குப் பிறகு வந்த திட்டம். ஒரு சமத்துவபுரத்தில் 100 வீடுகள். 40 தலித்துகளுக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 ஏனையோருக்கு. தனித்தனித் தெருவாக இல்லாமல் கலந்து குடியிருக்க வேண்டும் என்பது விதி. அந்தத் திட்டம் எல்லா இடத்திலும் நினைத்தபடி நடந்ததா என்பது வேறு விவாதம். ஊரும் சேரியும் சேர்ந்து இருக்க வேண்டும் என்ற எண்ணம் சரியானது.

ஆண்டுகளைக் கவனியுங்கள். சமத்துவபுரம் 1998. கண்ணகி நகர் 2000. கிராமத்தில் ஊரையும் சேரியையும் கலக்கப் புறப்பட்ட அதே காலத்தில், அதே அரசாங்கத்தின் கீழ், நகரத்தில் சேரியைத் தனியே பிரித்து வெளியே வைக்கும் வேலை தொடங்கியது. அதன் பிறகு ஆட்சிகள் மாறி மாறி வந்தன. எந்தக் கட்சியும் இதை நிறுத்தவில்லை. பெரும்பாக்கத்தின் மாடிகள் ஒவ்வோர் ஆட்சியிலும் உயர்ந்தன. 2021-இல் குடிசை மாற்று வாரியத்தின் பெயர் ‘நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ என்று மாறியது. அங்கேயும் பெயர்தான் முதலில் மாறியது.

இருந்த இடத்திலேயே கட்டுவது இன்றும் முடிகிற காரியம்தான். வாரியத்தின் பழைய அடுக்குமாடிகளை இடித்து அதே நிலத்தில் உயரமாகக் கட்டும் பணி சென்னையில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. எனவே நிலம் இல்லை என்பதை விட, அந்த நிலத்தில் யார் இருக்க வேண்டும் என்பதே உண்மையான கேள்வி.

நம் கையில் இருப்பவை

இதைப் படிக்கும் மாணவர்களும் நம் ஊர்களில் இருக்கும் உறவினர்களும் சில செய்திகளைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். சென்னையில் இருக்கும் அக்காவுக்கோ மாமாவுக்கோ போன் செய்து சொல்ல உதவும்.

ஒன்று: வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது. நடைபாதையில் இருப்பவரைக்கூட முன்னறிவிப்பு இல்லாமல் அகற்றுவது சரியல்ல என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். சென்னைக் குடிசைவாசிகளுக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கும் அதே ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் முடிவானது. அதைத் தொடுத்தவர் பின்னாளில் நீதிபதியான கே.சந்துரு. ‘ஜெய் பீம்’ படத்தின் வழியாக நம் பிள்ளைகள் அறிந்தவர். எனவே யாராவது வந்து கதவில் எண் எழுதிவிட்டுப் போனால், எழுத்து வடிவில் அறிவிப்பு கேளுங்கள். கணக்கெடுப்பு நடந்தால் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகப் பதிவாகிறதா என்று பாருங்கள். திருமணமான மகன் அதே கூரையின் கீழ் இருந்தாலும் அவர் குடும்பம் வேறு.

இரண்டு: பிள்ளையின் படிப்பு. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி, தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை, வேறு அரசுப் பள்ளிக்கு மாறும் உரிமை பிள்ளைக்கு உண்டு. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானது என்று காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்க மறுக்க முடியாது. இதைச் சொல்லத் தெரியாததால் எத்தனையோ பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள்.

மூன்று: ஆவணம். கையில் இருப்பது ஒதுக்கீட்டு ஆணையா, கிரயப் பத்திரமா? இரண்டும் ஒன்றல்ல. ஒதுக்கீட்டு ஆணை குடியிருக்கலாம் என்பதற்கான தாள். கிரயப் பத்திரம்தான் வீட்டை உங்களுடையது ஆக்குவது. தவணை கட்டிய ரசீதுகளை ஒரு மஞ்சள் பையில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். ஆண்டுகள் கழித்துப் பத்திரம் கேட்டு நிற்கும்போது அந்தப் பைதான் பேசும்.

கடைசியாக, இது சென்னைக்காரர்கள் பிரச்சினை என்று நாம் விலகி இருக்க முடியாது. நம் ஊரிலும் ஆதிதிராவிடர்களுக்கு வீட்டுமனை என்றவுடன் எந்த இடத்தைக் காட்டுகிறார்கள்? ஏரி உள்வாயையும் சுடுகாட்டுப் பக்கத்தையும் பேருந்து வராத கரட்டையும்தானே? ஊருக்குள் நிலம் இல்லை என்ற அதே பதில்தான் இங்கும் வருகிறது. ஆதிதிராவிடர் நலத்திட்டங்களுக்காகத் தனியார் நிலத்தைக் கையகப்படுத்த 1978-லேயே தமிழ்நாடு அரசு தனிச்சட்டம் இயற்றியிருக்கிறது. அதன்படி பள்ளிக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் ரேஷன் கடைக்கும் அருகில் நல்ல நிலத்தைத் தேர்ந்தெடுக்க முடியும். மனம் இருந்தால்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் வீட்டுமனை பற்றிப் பேச்சு வந்தால், எத்தனை சென்ட் என்று கேட்பதற்கு முன், எங்கே என்று கேளுங்கள். பள்ளி எவ்வளவு தூரம், மழைக்காலத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும், பக்கத்து மனை யாருடையது என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு படித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.